ஷட்டர் இறங்கியிருந்தது, வாடகை ஓடிக்கொண்டிருந்தது

கொரோனா காலத்தில் சின்னக் கடைகள் ஏன் படுத்தன என்று யாரைக் கேட்டாலும் சட்டென்று ஒரு பதில் வரும்: "மூடச் சொன்னாங்க, மூடினோம், போச்சு." மற்றவர்களின் வரவு செலவை எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்தப் பதிலில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். மூடியிருந்த மாதங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிட்டு, திறந்து ஓரிரு வருடம் ஓட்டிய பிறகு விழுந்த கடைகள் ஏராளம். அவற்றை வீழ்த்தியது மூடல் அல்ல, மூடியிருந்த காலத்துக்கான பில். அந்தப் பில் யார் தலையில் விழுந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கடையின் கணக்கு எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கடைக்காரரிடம் பணம் பணமாக இருப்பது மிகக் குறைந்த நேரம்தான். பணம் சரக்காக அலமாரியில் உட்கார்ந்திருக்கும். விற்றதும் கல்லாவுக்கு வரும். வந்த வேகத்தில் மொத்த வியாபாரிக்குப் போகும், மறுபடி சரக்காகும். லாபம் என்பது இந்தச் சுற்றில் ஓரமாகச் சிந்துவது. சுற்று நின்றால் லாபம் நிற்பது பெரிய விஷயமில்லை. போட்ட முதலே முடங்கிவிடும்.

ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் ஆய்வுப் பிரிவான ஜேபி மார்கன் சேஸ் இன்ஸ்டிட்யூட் 2016இல், அதாவது தொற்றின் வாசனைகூட இல்லாத காலத்தில், அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் சிறு தொழில்களின் வங்கிக் கணக்குகளைப் பார்த்தது. வரவு முழுக்க நின்றுபோனால் கையிருப்பை வைத்து எத்தனை நாள் செலவைச் சமாளிக்க முடியும் என்பது கேள்வி. நடுவில் இருக்கும் ஒரு தொழிலுக்குக் கிடைத்த விடை 27 நாள். சில்லறைக் கடைகளுக்கு 19. உணவகங்களுக்கு 16. பணக்கார நாட்டிலேயே நிலைமை இதுதான். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அடுத்த இரண்டே வாரங்களில் உலகின் பெரும்பகுதி ஷட்டரை இறக்கியது. மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் அமெரிக்காவில் 5,800 சிறு தொழில்களிடம் ஆய்வாளர்கள் விசாரித்தபோது, 43 சதவீதம் தற்காலிகமாக மூடிக் கிடந்தன. மாதம் 10,000 டாலருக்கு மேல் செலவாகும் தொழில்களில் நடுத்தரமான ஒன்றின் கையிருப்பு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குத்தான் வரும் என்றும் தெரிந்தது. ஆக, மூடல் மூன்றாவது வாரத்தைத் தொட்ட அன்றே பாதிக் கடைகள் யாரோ ஒருவரிடம் கைநீட்டியாக வேண்டும். அரசிடம், வங்கியிடம், கட்டட உரிமையாளரிடம், இல்லாவிட்டால் வீட்டில் இருக்கும் நகையிடம்.

இங்கே ஒரு கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. மூடச் சொல்லாமல் விட்டிருந்தால் பிழைத்திருப்பார்களா? மூடு உத்தரவு மேல் பழிபோடுவது சுலபம், கோபத்துக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பொருளாதார அறிஞர்கள் ஆஸ்டன் கூல்ஸ்பீ, சாட் சிவர்சன் இருவரும் கைப்பேசித் தரவை வைத்து இதைத் தேடிப் பார்த்தார்கள். ஒரே வட்டாரம், எல்லைக்கு இந்தப் பக்கம் மூடு உத்தரவு உண்டு, அந்தப் பக்கம் இல்லை. இரண்டு பக்கத்துக் கடைகளுக்கும் வந்த கூட்டத்தை ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் கூட்டம் 60 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. அதில் உத்தரவால் குறைந்தது வெறும் 7 புள்ளி. மிச்சமெல்லாம் மக்கள் தாமாகவே பயந்து வீட்டுக்குள் இருந்ததால் வந்தது. டென்மார்க் மூடியது, பக்கத்து ஸ்வீடன் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தது. வங்கிப் பரிவர்த்தனைகளை ஆராய்ந்தபோது முதல் வாரங்களில் டென்மார்க்கில் செலவு 29 சதவீதம் விழுந்திருந்தது, ஸ்வீடனில் 25 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான்.

சொல்லப்போனால் திறந்தும் ஆள் வராத கடையின் நிலைமை மூடிய கடையைவிட மோசம். விளக்கு எரிய வேண்டும், ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், பல இடங்களில் நிவாரணம் கேட்கவும் உரிமையில்லை. பிரிட்டனில் 2020 மார்ச் 16 அன்று பிரதமர் மக்களை மதுக்கூடங்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மூடும்படி உத்தரவிடவில்லை. கூட்டம் அன்றைக்கே அற்றுப்போனது. உத்தரவு இல்லையென்றால் காப்பீட்டைக் கேட்கவே வழியில்லை என்று உரிமையாளர்கள் கொதித்தார்கள். உத்தரவு வந்தது மார்ச் 20 அன்றுதான். "தயவுசெஞ்சு எங்களை மூடச் சொல்லுங்க" என்று தொழில் செய்கிறவர்கள் அரசிடம் கேட்ட விசித்திரம் அந்த நான்கு நாளில் நடந்தது.

சரி, ஷட்டர் இறங்கிவிட்டது. உள்ளே இருக்கும் சரக்கு என்ன ஆகும்? இதைப் பற்றி யாரும் அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. அரிசி பருப்பு கெடும், தெரியும். கெடாத சரக்கு என்று நாம் நினைப்பதும் கெடும். காலணிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பியூ சோல் என்று சொல்கிறோமே, அந்த நுரை மாதிரியான அடிப்பாகம் காற்றில் இருக்கும் ஈரத்தை வாங்கி உள்ளுக்குள்ளேயே சிதைந்துகொண்டிருக்கும். போட்டு நடந்துகொண்டிருந்தால்கூடச் சில வருடம் தாங்கும். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் கிடந்தால், ஒருநாள் எடுத்துக் காலில் மாட்டிப் பத்தடி நடப்பதற்குள் உதிர்ந்து கையோடு வரும். தோல் சரக்கு இன்னும் வேகம். மலேசியாவில் 2020 மார்ச் 18 முதல் கட்டுப்பாடு. மே மாதத்தில் கோத்தா கினபாலு நகரின் ஒரு பேரங்காடியைத் திறந்து பார்த்தபோது கைப்பைகள், இடுப்புப் பட்டைகள், காலணிகள் எல்லாம் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்த படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. குளிர்சாதனத்தை நிறுத்தி வைத்த கட்டடத்துக்குள் ஈரமும் இருட்டும் இரண்டு மாதம் சேர்ந்திருந்தால் வேறென்ன வளரும்? மின்கட்டணத்தை மிச்சம் பிடித்தது வீண் இல்லை, ஆனால் அந்த மிச்சத்தைச் சரக்கு தின்றுவிட்டது.

பூஞ்சணம் பிடிக்காத சரக்குக்கும் வயதாகும். காலணியில் ஒரு மாடல் எடுத்தால் எல்லா அளவும் கலந்த பெட்டியாகத்தான் கொள்முதல் வரும். நடு அளவுகள் முதலில் போகும், ரொம்பச் சிறிதும் ரொம்பப் பெரிதும் தங்கிவிடும். வியாபாரம் நடக்கிறபோது புதுப் பெட்டி வந்து அந்த ஓட்டையை அடைக்கும். மூடலுக்குப் பிறகு புதுக் கொள்முதலுக்குக் காசில்லை. அலமாரி நிறைந்திருக்கிறது, வருகிறவர் அளவுக்கு ஒன்றும் இல்லை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது நன்றாக நடக்கும் கடை. பேரேட்டைப் பார்க்கிறவனுக்கு மட்டும் தெரியும், இருப்பில் காட்டியிருக்கும் தொகையில் பாதி இனி பணமாகாது என்று. துணி, பள்ளிப் பை, குடை, கைப்பேசி உறை, எல்லாவற்றுக்கும் இதே கதி. கடைக்காரர் மட்டும் அதை வாங்கிய விலையிலேயே மனதுக்குள் எழுதி வைத்திருப்பார். குறைத்து எழுதச் சொன்னால் கோபம் வரும்.

முடிதிருத்தகம், தையல், சலவை மாதிரிச் சேவைத் தொழில்களில் சரக்குத் தொல்லை இல்லை, ஆனால் இழந்தது இழந்ததுதான். ஏப்ரலில் வெட்டாத முடியை ஜூனில் மூன்று தடவை வந்து யாரும் வெட்டிக்கொள்வதில்லை. ஒரு தடவைதான் வெட்டிக்கொள்வார்கள்.

எந்தக் கடை திறக்கலாம், எது கூடாது என்பதில் நடந்த கூத்து தனி. அத்தியாவசியம், அத்தியாவசியமல்லாதது என்று அரசுகள் கோடு போட்டன. கோடு கடைக்குத்தான், பொருளுக்கு இல்லை. உணவுப்பொருள் விற்பதால் திறந்திருக்கும் பெரிய அங்காடியில் துணி, பொம்மை, புத்தகம் எல்லாம் கிடைக்கும். அவற்றை மட்டும் விற்கும் சின்னக் கடை பூட்டிக் கிடக்கும். தொற்றைத் தடுக்கப் போட்ட விதி, ஒருவரின் வாடிக்கையாளரை இன்னொருவருக்கு வாரிக் கொடுத்துவிட்டது. பிரான்சில் 2020 அக்டோபர் 30 அன்று இரண்டாம் முடக்கம் தொடங்கியபோது புத்தகக் கடைக்காரர்கள் சண்டைக்கு நின்றார்கள். அரசு எடுத்த முடிவு வேடிக்கையானது: புத்தகக் கடைகளைத் திறக்கவில்லை, அங்காடிகளில் இருந்த புத்தக அலமாரிகளையும் மூடியது. வேல்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த அக்டோபரில் 23ஆம் தேதி தொடங்கிய குறுகிய முடக்கத்தில் அங்காடிகளுக்குள் அத்தியாவசியமல்லாத வரிசைகளை நாடா கட்டி அடைத்தார்கள். மக்கள் சிரித்தார்கள், திட்டினார்கள். எனக்கென்னவோ அந்த நாடாவில் ஒரு நியாயம் தெரிந்தது. குறை என்னவென்றால், வாடிக்கையாளர் நாடாவைப் பார்த்துவிட்டுச் சின்னக் கடைக்குப் போக முடியாது, அதுவும் பூட்டியிருக்கிறது. நேராகக் கைப்பேசியை எடுத்து ஆன்லைனில் போட்டுவிடுவார். இந்தியாவில் ஆன்லைன் நிறுவனங்கள் எல்லாப் பொருளும் விற்கலாம் என்று 2020 ஏப்ரல் 20 முதல் தருவதாக இருந்த அனுமதியை, வணிகர்கள் எதிர்த்ததும் முந்தின நாளே திரும்பப் பெற்றார்கள். கொஞ்ச நாளுக்குத்தான். அமேசானின் உலக விற்பனை 2019இல் சுமார் 28,000 கோடி டாலர், 2020இல் சுமார் 38,600 கோடி டாலர். லாபம் ஏறக்குறைய இரட்டிப்பு.

பிரான்ஸ் செய்த ஒரு காரியத்தைப் பாராட்ட வேண்டும். பூட்டியிருந்த சிறு புத்தகக் கடைகள் அஞ்சலில் அனுப்பும் புத்தகங்களுக்கு அஞ்சல் செலவை அரசே ஏற்றது. பெரிய நிறுவனத்தோடு சின்னக் கடை தோற்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். பொருளின் விலையில் தோற்பதில்லை, பொட்டலத்தின் விலையில் தோற்கும். இதைப் புரிந்துகொண்ட அதிகாரி யாரோ ஒருவர் அங்கே இருந்திருக்கிறார்.

இனி வாடகை.

மூடல் காலத்துப் பேரேடு ஒன்றைத் திறந்தால் வரவுப் பக்கம் வெள்ளையாக இருக்கும். செலவுப் பக்கத்தில் வரிசையாக ஒரே வரி: ஏப்ரல் வாடகை, பாக்கி. மே வாடகை, பாக்கி. ஜூன் வாடகை, பாதி கொடுத்தது, மீதி பாக்கி. மின்சாரத்தைக் குறைத்தால் கட்டணமும் குறையும். கொள்முதலை நிறுத்தலாம். சம்பளத்தைக்கூட, மனசாட்சியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால், குறைக்கலாம். வாடகை மட்டும் காலண்டரைப் பார்த்து ஓடும். கட்டட உரிமையாளரை வில்லனாக்கவும் எனக்கு மனமில்லை. அவருக்கும் வங்கித் தவணை இருக்கலாம், சிலருக்கு அந்த வாடகைதான் முதுமைக் காலச் சாப்பாடு. பிரச்சினை இருவரில் ஒருவர் கெட்டவர் என்பதில்லை. இருவரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் தீ, வெள்ளம், கலவரம் எல்லாம் இருந்தது. கட்டடம் நன்றாக நிற்கும், கடைக்காரரும் நன்றாக இருப்பார், ஆனால் தெருவில் ஆளே இருக்காது என்ற நிலைமைக்கு ஒரு வரிகூட இல்லை.

அந்த வரி இல்லாத இடத்தை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக நிரப்பியது. அதைப் பார்த்தால் அந்த நாடு கடைக்காரரை என்னவாக நினைக்கிறது என்பது தெரிந்துவிடும்.

பிரிட்டன் 2020 மார்ச்சில், பாக்கிக்காகக் கடையைக் காலிசெய்ய வைக்கக் கூடாது என்று தடை போட்டது. தடையை நீட்டி நீட்டி 2022 மார்ச் வரை கொண்டுபோனது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாடகையில் ஒரு பென்னிகூடக் குறையவில்லை, கேட்பதைத்தான் தள்ளிவைத்தார்கள். இரண்டு வருடப் பாக்கி மலையாகி நின்றபோது 2022இல் தனிச்சட்டம் போட்டு நடுவர் முன்னால் போகச் சொன்னார்கள். ஜெர்மனியும் அதே வழிதான்: 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான பாக்கிக்காக வெளியேற்றக் கூடாது, 2022 ஜூன் முடிவதற்குள் கட்டிவிட வேண்டும்.

கனடா பணத்தை எடுத்து வைத்தது. வாடகையில் பாதியை அரசு தரும், உரிமையாளர் குறைந்தது கால்பங்கை விட்டுத்தர வேண்டும், கடைக்காரர் அதிகபட்சம் கால்பங்கு கட்டினால் போதும். திட்டத்தில் ஒரே ஓட்டை: விண்ணப்பிக்க வேண்டியவர் உரிமையாளர். கால்பங்கை இழக்க விரும்பாத உரிமையாளர் விண்ணப்பமே போடவில்லை என்றால் கடைக்காரர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைந்த கடைகளுக்கே உதவி போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் திட்டத்தையே மாற்றி, கடைக்காரர் நேராக விண்ணப்பிக்கும்படி செய்தார்கள். விண்ணப்பத்தில் யார் கையெழுத்து என்ற ஒரு சின்ன விஷயம் ஆறு மாதத்தைச் சாப்பிட்டுவிட்டது.

எனக்குப் பிடித்தது ஆஸ்திரேலியாவின் ஏற்பாடு. 2020 ஏப்ரல் 7 அன்று அறிவித்த நடத்தை விதிப்படி, கடையின் விற்றுமுதல், அதாவது மொத்த விற்பனை, எத்தனை சதவீதம் விழுந்ததோ அந்த அளவுக்கு வாடகைச் சலுகை. அந்தச் சலுகையில் குறைந்தது பாதி முழுத் தள்ளுபடி. மீதியை மட்டும் தள்ளிவைத்து, இரண்டு வருடத்துக்குக் குறையாத காலத்தில் பிரித்துக் கட்டலாம். நஷ்டம் உண்மையாகவே பங்கு போடப்பட்டது. சிங்கப்பூரும் தகுதியுள்ள சிறு கடைகளுக்கு நான்கு மாத வாடகையைத் தள்ளுபடி செய்தது: இரண்டு மாதம் அரசு கணக்கில், இரண்டு மாதம் உரிமையாளர் கணக்கில்.

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. ஜெர்மனியில் ஒரு துணிக்கடைச் சங்கிலி, மூடியிருந்த ஏப்ரல் மாத வாடகையைக் கட்டவில்லை. கீழ்நீதிமன்றம் முழுசாகக் கட்டச் சொன்னது, மேல்முறையீட்டில் பாதி போதும் என்றார்கள். 2022 ஜனவரி 12 அன்று உச்ச நிலைக் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது இது: இந்த ஆபத்து இருவரில் ஒருவருக்கு மட்டும் உரியதில்லை, வாடகையைக் குறைக்கக் கேட்கலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பாதி பாதி என்று பிரிக்கவும் கூடாது, கடைக்கு என்ன நஷ்டம், என்ன உதவி கிடைத்தது, காப்பீடு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். சட்டப்படி அருமையான தீர்ப்பு. ஒரு மாத வாடகைக்காக இரண்டு வருடம் வழக்காடப் பணமும் வக்கீலும் இருக்கிறவர்களுக்கு.

காப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2003இல் சார்ஸ் என்ற தொற்று வந்துபோனதும் காப்பீட்டு உலகம் பாடம் படித்துவிட்டது. அமெரிக்காவில் 2006 முதலே வைரஸால் வரும் இழப்பு சேராது என்ற பிரிவு வணிகக் காப்பீடுகளில் ஏறத் தொடங்கியது. கடைக்காரர் யார் அதைப் படித்தார்? விம்பிள்டன் டென்னிஸ் போட்டி நடத்துகிறவர்கள் படித்தார்கள், தொற்றுக்கென்று தனியாகப் பிரீமியம் கட்டினார்கள், 2020 போட்டி ரத்தானபோது பெருந்தொகை வாங்கினார்கள். பிரிட்டனில் சுமார் 3,70,000 பாலிசிதாரர்களைத் தொடும் சோதனை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரி 15 அன்று பெரும்பாலும் பாலிசிதாரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் பத்து மாதம் ஓடிவிட்டது. 19 நாள் கையிருப்போடு பத்து மாதம்.

அரசுகள் பணம் தரவில்லை என்று சொன்னால் அது பொய். கொட்டிக் கொடுத்தார்கள். எந்தப் பாத்திரத்தில் கொட்டினார்கள் என்பதில்தான் எனக்குப் பேச்சு. அமெரிக்காவின் சம்பளப் பாதுகாப்புக் கடன் திட்டம் 2020 ஏப்ரல் 3 அன்று தொடங்கியது. முதல் தவணையான 34,900 கோடி டாலர் ஏப்ரல் 16க்குள் தீர்ந்துபோனது. வங்கியில் ஏற்கெனவே நல்ல பழக்கம், கணக்காளர், காகிதம் எல்லாம் தயாராக இருந்தவர்கள் வரிசையில் முன்னால் நின்றார்கள். பங்குச் சந்தையில் இருக்கும் உணவகச் சங்கிலிகள்கூட வாங்கின, ஊர் திட்டியதும் சில திருப்பிக் கொடுத்தன. பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் அமெரிக்காவில் தொழில் நடத்திக்கொண்டிருந்த உரிமையாளர்களின் எண்ணிக்கை 22 சதவீதம் விழுந்தது. கறுப்பின உரிமையாளர்களிடையே 41 சதவீதம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் யார் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் கடன் தள்ளுபடியாக வேண்டுமானால் முதலில் முக்கால் பங்கைச் சம்பளத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்றார்கள். ஜூனில் அதை 60 சதவீதமாக இறக்கினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் இருபது பேர் வேலைபார்க்கும் நிறுவனத்தை மனதில் வைத்து எழுதிய விதி இது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பையனும் சேர்ந்து நடத்தும் கடையில் சம்பளம் என்று எழுதவே ஒன்றும் இருக்காது, செலவில் பெரும்பங்கு வாடகைதான். சம்பளக் கணக்கை வைத்துத்தான் கடன் தொகையே என்பதால் அவர்களுக்குக் கிடைத்ததும் கொஞ்சம். பின்னால் டேவிட் ஆட்டர் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் கணக்குப் பார்த்தபோது, இல்லாவிட்டால் வேலை போயிருக்கும் தொழிலாளர்கள் கைக்குப் போனது மொத்தப் பணத்தில் 23 முதல் 34 சதவீதம்தான் என்று மதிப்பிட்டார்கள். மீதி தொழில் உரிமையாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் மற்றவர்களுக்கும்.

மற்ற நாடுகளிலும் உதவியில் பெரிய பகுதி கடனாகத்தான் வந்தது. பிரிட்டனில் 50,000 பவுண்டு வரை, நூறு சதவீத அரசு உத்தரவாதத்துடன், சுமார் 15 லட்சம் கடன்கள், 4,700 கோடி பவுண்டு. பிரான்சில் அரசு உத்தரவாதக் கடன், ஆண்டு விற்றுமுதலில் கால்பங்கு வரை. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று தவணைகளுக்கு அவகாசம் தந்தது, ஆகஸ்டு வரை நீட்டியது. அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. மே மாதம் 3 லட்சம் கோடி ரூபாய்க்கான உத்தரவாதக் கடன் திட்டம் வந்தது, அதுவும் முக்கியமாக ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தவர்களுக்கு. கடன் என்பது எதிர்கால லாபத்தை இன்றைக்கே எடுத்துச் செலவழிப்பது. விரிவாக்கத்துக்கு வாங்கினால் நாளைக்குக் கூடுதல் விற்பனை வரும், அதில் கட்டலாம். மூடிய கடையின் வாடகைக்கு வாங்கிய கடனுக்கு எதிர்ப்பக்கம் எழுத ஒன்றுமே இல்லை. நிவாரணம் என்ற தலைப்பில் வந்தாலும் பேரேட்டில் அதைப் பொறுப்பு, அதாவது திருப்பிக் கட்ட வேண்டியது, என்ற பக்கத்தில்தான் நான் எழுத முடியும்.

முதல் மூடலைவிட இரண்டாவது மூடல் அதிகம் காயப்படுத்தியது என்பேன். முதல் தடவை யாரும் எதிர்பார்க்கவில்லை, பீரோவில் இருந்த கடைசிக் காசும் கொஞ்சம் தைரியமும் மிச்சமிருந்தன. திறந்ததும் கடன் வாங்கிச் சரக்கு எடுத்தார்கள். 2020 டிசம்பரில் கிறிஸ்துமஸ் வியாபாரத்தை நம்பி ஐரோப்பாவின் கடைகள் அலமாரியை நிரப்பியிருந்தன; பல கடைகளுக்கு வருட லாபமே அந்த மாதத்தில்தான். ஜெர்மனி டிசம்பர் 16 அன்று கடைகளை மூடியது. லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் 19ஆம் தேதி அறிவித்து 20ஆம் தேதி மூடினார்கள், பண்டிகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது. அந்த முடிவைத் தவறு என்று நான் சொல்லவரவில்லை, மருத்துவமனைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஒரே ராத்திரி அவகாசத்தில் அந்தச் சரக்கையெல்லாம் யார் செலவில் உட்கார வைத்தார்கள் என்றுதான் கேட்கிறேன். இங்கிலாந்தில் அந்த ஷட்டர் மறுபடி ஏறியது 2021 ஏப்ரல் 12 அன்று. குளிர்காலத் துணியை வெயில் காலத்தில் என்ன விலைக்குத் தள்ள முடியும்?

1918இல் இன்ஃபுளூயன்சா பரவியபோது நியூயார்க் நகரச் சுகாதார ஆணையர் ராயல் கோப்லேண்ட், கடைகளை ஒட்டுமொத்தமாக மூடாமல், கடைகளும் அலுவலகங்களும் வெவ்வேறு நேரத்தில் திறந்து மூடும்படி மாற்றினார், ரயிலில் கூட்டம் சேராமல் இருக்க. நூறு வருடம் கழித்து வந்த கிருமி வேறு, அறிகுறியில்லாமலே பரவியது, இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் திறப்பு, பூட்டு என்ற இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் உண்டு என்பது அப்போதே தெரிந்திருந்தது.

ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தவர்கள்தானே விழுந்தார்கள், தொற்று இல்லாவிட்டாலும் விழுந்திருப்பார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அதில் பெரிய நிறுவனங்களைப் பொறுத்தவரை உண்மை இருக்கிறது. 2020 மே மாதத்தில் அமெரிக்காவில் ஜே. குரூ, நீமன் மார்கஸ், ஜே.சி. பென்னி என்ற பெரிய கடைச் சங்கிலிகள் மூன்றும் இரண்டே வாரத்துக்குள் திவால் பாதுகாப்புக் கேட்டன. முதல் இரண்டும் முதலீட்டு நிறுவனங்கள் கடன் வாங்கி விலைக்கு வாங்கி, அந்தக் கடனைக் கடை தலையிலேயே கட்டியவை. ஆனால் மூன்றும் நீதிமன்றம் வழியாகக் கடனைக் குறைத்துக்கொண்டு, வேண்டாத கிளைகளின் வாடகை ஒப்பந்தங்களை உதறிவிட்டு, வேறு முதலாளிகளின் கீழ் மீண்டும் வியாபாரத்துக்கு வந்தன. தள்ளாடிய சின்னக் கடைக்கு அந்தக் கதவு கிடையாது. வாடகை ஒப்பந்தத்தில் கடைக்காரரின் சொந்த உத்தரவாதம் இருக்கும், வீடே அடமானத்தில் இருக்கும். கடையை உதறினாலும் கடன் வீட்டுக்கு வரும். அதனால்தான் மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் இன்னும் இரண்டு வருடம் இழுத்தார்கள்.

அந்த இழுவை புள்ளிவிவரத்தில் பளிச்சென்று தெரிகிறது. 2020இல் இங்கிலாந்து-வேல்ஸில் பதிவான நிறுவனத் திவால்கள் முந்தின ஆண்டைவிடக் குறைவு, சுமார் 12,500. தொற்று உச்சத்தில் இருந்த வருடம்! உதவியும் தடைகளும் எல்லாரையும் தாங்கிப் பிடித்திருந்தன. 2023இல் அந்த எண் 25,000ஐத் தாண்டியது, 1993க்குப் பிறகு அதுதான் அதிகம். பிரான்சிலும் அதே வடிவம்: 2020, 2021இல் வெகுவாகக் குறைந்து, 2024இல் 65,000ஐத் தாண்டியது. இதில் உக்ரைன் போருக்குப் பிறகு ஏறிய மின்கட்டணத்துக்கும் வட்டிக்கும் நிச்சயம் பங்குண்டு. பழைய கடன் தோளில் இல்லாதவர் அந்த அடியைத் தாங்கியிருப்பார். திவால் என்று பதிவே செய்யாமல் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

வாடிக்கையாளர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்ற புலம்பலையும் நான் முழுக்க நம்பவில்லை. பிரிட்டனில் சில்லறை விற்பனையில் ஆன்லைன் பங்கு தொற்றுக்கு முன் ஐந்தில் ஒன்று. 2021 தொடக்கத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் போனது. கடைகள் திறந்ததும் இறங்கி, ஏறக்குறைய நான்கில் ஒன்றில் நின்றது. போனவர்களில் பெரும்பகுதியினர் திரும்பி வந்தார்கள். எங்கே வந்தார்கள் என்பதுதான் மாறிவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடைக்குப் போவதில்லை, வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போகிறார். நகர மையத்தில் அதிக வாடகைக்குக் கடை பிடித்தவர்கள் அதே வாடகையோடு மாட்டிக்கொண்டார்கள். புதிதாகத் தொடங்குவோரும் குறையவில்லை. அமெரிக்காவில் புதுத் தொழில் விண்ணப்பங்கள் 2019இல் சுமார் 35 லட்சம், 2021இல் 54 லட்சம். காலியான கடைகளில் குறைந்த வாடகைக்குப் புது ஆட்கள் வந்தார்கள். பழைய ஆள் கட்டிய வாடகையை அவர்கள் கட்டவில்லை. பழைய ஆளுக்கு அந்தக் குறைப்பைக் கொடுத்திருந்தால் அவரே இருந்திருப்பார் என்று கட்டட உரிமையாளர்களிடம் சொன்னால், "அது வேற, இது வேற" என்பார்கள். எப்படி வேறு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இப்போது வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்க வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அரசு உத்தரவால் கடை மூடப்பட்டால் அந்தக் காலத்துக்கு வாடகை எவ்வளவு, பாக்கி எத்தனை மாதத்தில் தீர வேண்டும், இந்த இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். விற்றுமுதலில் இத்தனை சதவீதம் வாடகை என்று பேச முடிந்தால் இன்னும் நல்லது. பெரிய சங்கிலிக் கடைகள் இதைக் கேட்டு வாங்கிவிட்டன, அவர்கள் வந்தால்தான் வணிக வளாகத்துக்கே மதிப்பு. தனிக் கடைக்காரர் கேட்டால், "இதே இடத்துக்கு இன்னும் நாலு பேர் வரிசையில் நிக்கிறாங்க, உங்களுக்கு வேணுமா வேண்டாமா?" என்று பதில் வருகிறது. சிலர் மூன்று மாதத்துக்குப் பாதி வாடகை என்று ஒரு வரி வாங்கி வந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் பழைய ஒப்பந்தத்தில் தேதியை மட்டும் மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.